ஃபிளாஷுக்கு எந்த பேட்டரி? அகளியிலிருந்து ஒரு கணக்கு

பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு, பொங்கல் விழா, ஊர் நினைவுகள் என்று அன்பர்கள் எழுதுகிற பக்கங்களில் பேட்டரியைப் பற்றி எழுத ஒருவன் வந்திருக்கிறானே என்று நினைக்க வேண்டாம். எல்லை தாண்டி வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா, பாட்டியின் நல்ல படம் ஒன்றுகூடக் கிடையாது. அகளி, புதூர், சோலையூர் என்று அட்டப்பாடியின் மூன்று பஞ்சாயத்துகளிலும் நான் துக்கம் விசாரிக்கப் போன வீடுகளில் சுவரில் மாட்டியிருந்த படங்களை உற்றுப் பார்த்திருக்கிறேன். வாக்காளர் அட்டையில் இருந்த தபால்தலை அளவு முகத்தையோ, யாரோ கல்யாணத்தில் எடுத்த கும்பல் படத்தின் மூலையில் இருந்த முகத்தையோ வெட்டி எடுத்துப் பெரிதாக்கி, பின்னால் நீல வண்ணம் பூசி மாட்டியிருப்பார்கள். கண் எது, மூக்கு எது என்று தெரியாது. கைபேசியில் ஆயிரம் படம் இருக்கும் இந்தக் காலத்திலும் நிலைமை இதுதான்.

கைபேசிப் படம் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திண்ணை நிழலில் உட்கார்ந்திருக்கும் கறுத்த முகத்தை, பின்னால் வெயில் அடிக்கும் முற்றத்தோடு சேர்த்து எடுத்தால் முகம் இருட்டாக வரும். அதைச் சரி செய்கிறேன் என்று கைபேசி தானாகவே முகத்தை வெளுத்து, சுருக்கங்களை மெழுகிவிடும். எழுபது வருஷம் வெயிலில் காடு வெட்டிக் கிழங்கு நட்ட ஒரு மனுஷியின் முகத்தில் சுருக்கம் இல்லாவிட்டால் அது அவள் முகமே அல்ல. நல்ல ஃபிளாஷ் ஒன்றைக் குடைக்குள் அடித்து, சாய்வாக ஒளி விழும்படி வைத்தால், அந்த நிறமும் அந்தச் சுருக்கமும் அப்படியே வரும். ஸ்டுடியோக்காரர்கள் அறிந்த வித்தைதான். ஆனால் ஸ்டுடியோ அகளிக் கடைத்தெருவிலோ கூளிக்கடவிலோ இருக்கிறது; பாட்டி மேட்டு ஊரில் இருக்கிறாள். அவளால் இறங்கி வர முடியாது. ஆகவே ஃபிளாஷ்தான் ஏறிப் போக வேண்டும். ஏறிப் போனால் அங்கே பிளக் பாயிண்ட் இருக்குமா, இருந்தாலும் மின்சாரம் இருக்குமா என்பது அன்றைய காற்றையும் மழையையும் யானையையும் பொறுத்தது.

இங்கே படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞர்களில் ஒருவர், கோவைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பையன், ஒருநாள் என்னிடம் வந்து கேட்டார்: "ஏனுங்க சார், நீங்க ரயில்வேல பேட்டரிதான பாத்தீங்க? ஐநூறு ஃபிளாஷ் அடிக்கும்னு ஒண்ணு, எழுநூறு அடிக்கும்னு ஒண்ணு விக்கிறாங்க. எதுங்க வாங்கறது?" நான் சொன்னேன்: "தம்பி, எத்தனை அடிக்கும்னு அப்புறம் கேளு. அஞ்சு வருஷம் கழிச்சு அதுக்குள்ள இருக்கற செல்லை யார் மாத்தித் தருவாங்கன்னு மொதல்ல கேளு." அவருக்கு அது பதிலாகப் படவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அவரைப் போல நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்னும் பலர் இருக்கிறார்கள். பையனுக்கு வாங்கிக் கொடுக்கப் பணம் தருகிற அப்பாக்களும் இருக்கிறார்கள்.

டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்த நாளிலிருந்து என் உத்தியோகத்தின் பெரும்பகுதி ரயில் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறிப் பிரிவில் கழிந்தது. அப்போது 24 வோல்ட் பெட்டிகளும் ஓடின, 110 வோல்ட் பெட்டிகளும் ஓடின. 110 வோல்ட் பெட்டி ஒன்றின் அடியில் 2 வோல்ட் வீதம் 56 ஈய செல்கள் தொங்கும். வண்டி ஓடும்போது அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஓடும் ஆல்டர்னேட்டர் அதற்குச் சார்ஜ் ஏற்றும். வண்டி நின்றால் செல்கள் விளக்கை எரிக்கும். ஹைட்ரோமீட்டரை விட்டு ஒவ்வொரு செல்லிலும் திராவகத்தின் அடர்த்தியைப் பார்த்து ஏட்டில் எழுதுவோம். 1.210க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 56 செல்லில் ஒன்று செத்துவிட்டால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி வேறு ஒன்றைப் பூட்டி வண்டியை அனுப்பிவிடுவோம். யாரும் முழு பேட்டரியையும் தூக்கிப் போட மாட்டார்கள். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு இப்போது கடைகளில் விற்கும், திறக்கவே முடியாத கறுப்பு டப்பாக்களைப் பார்த்தால் மனம் ஒப்புவதில்லை. அது கிழவன் பேச்சு என்று தள்ளிவிடாமல் கணக்கைப் பாருங்கள்.

ஸ்டுடியோ ஃபிளாஷின் பலத்தை வாட்-செகண்டில் சொல்வார்கள். அதைத்தான் ஜூல் என்கிறோம். காமிராவின் தலையில் மாட்டும் சிறு ஃபிளாஷ் 60, 70 ஜூல் தரும். ஸ்டுடியோவில் ஸ்டாண்டில் நிற்பது 200 முதல் 600 வரை. உள்ளே கெப்பாசிட்டர் இருக்கும். நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் அது நிரம்பிக்கொண்டு, பொத்தானை அமுக்கியதும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவில் குழாய்க்குள் கொட்டிவிடும். மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நொடி. பேட்டரியின் வேலை அந்த இரண்டு மூன்று நொடியில்தான். அது நீண்ட ஓட்டக்காரனின் வேலை அல்ல. மூட்டை தூக்குபவனின் வேலை.

எல்லாச் சிறு யு.பி.எஸ்.களிலும் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி. ஒரு வாட்-மணி என்பது 3,600 ஜூல். ஆக மொத்தம் 3,02,400 ஜூல். 300 ஜூல் ஃபிளாஷ் என்றால் ஆயிரம் தடவை அடிக்கலாம் என்று காகிதம் சொல்லும். விற்பவரும் அதையே சொல்வார்.

இப்போது வழியில் உள்ள சுங்கச் சாவடிகளைப் பார்ப்போம். 7 ஆம்பியர்-மணி என்று பெட்டியில் எழுதியிருப்பது 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது, அதாவது 0.35 ஆம்பியர் வீதம். ஃபிளாஷ் நிரம்பும்போது இழுப்பதோ 15 ஆம்பியர், சில சமயம் அதற்கும் மேல். அவசரமாகப் பிடுங்கினால் ஈய பேட்டரி 7 தராது, 4 தந்தால் அதிகம். அதாவது 84 அல்ல, ஏறக்குறைய 50 வாட்-மணி. அதிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட் ஆக்கும்போது நூற்றுக்குப் பதினைந்து போகும். ஃபிளாஷின் கெப்பாசிட்டரை நிரப்பும் சர்க்யூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே வெப்பமாகப் போகலாம். மிஞ்சுவது 25 வாட்-மணி, அதாவது 90,000 ஜூல். ஆயிரம் என்றது முந்நூறாகிவிட்டது. அந்த முந்நூறையும் அடித்துத் தீர்த்தால் பேட்டரியை அடிவரை வற்ற வைத்ததாகும். ஈய பேட்டரியை அப்படி வற்ற வைத்தால் சில நூறு தடவையில் அதன் கதை முடியும். உழைக்க வேண்டும் என்றால் பாதியில் நிறுத்த வேண்டும். ஆகவே கைக்கு வருவது 150 படம். இரண்டரைக் கிலோவுக்குப் பக்கத்தில் சுமை தூக்கி, 150 படம்.

ஒரு வீட்டுக் குடும்பப் படத்துக்கு 150 என்பது தாராளம். ஒரு கல்யாணத்துக்குப் போதாது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, இயற்கையின் கணக்கு. அதைச் சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று.

இப்போது பக்கத்து அலமாரிக்கு வருவோம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று ஒரு வகை. ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8, ஈய பேட்டரி இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். அதே 7 ஆம்பியர்-மணிக்கு எடை ஒரு கிலோ அளவுதான். அவசரமாகப் பிடுங்கினாலும் சொன்னதைத் தரும். நூற்றுக்கு எண்பது வரை எடுத்தாலும் முகம் சுளிக்காது. மேலே போட்ட அதே கழிவுகளைப் போட்டுப் பார்த்தால் 400 படத்துக்கு மேல் வருகிறது. நல்ல செல்லாக இருந்தால் இரண்டாயிரம் முறை சார்ஜ் ஏற்றலாம் என்கிறார்கள். அதில் பாதி உண்மையானாலும் ஒரு படக்காரரின் பத்து வருஷப் பிழைப்புக்குப் போதும். சாதாரண லித்தியம் அயனைப் போல எளிதில் கொதித்துத் தீப்பிடிப்பதும் இல்லை. விலை ஈயத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. வருஷக் கணக்கில் பார்த்தால் இதுவே மலிவு.

இந்த வகை பேட்டரியின் பிறப்பில் நம்மவர் ஒருவரின் கைவண்ணமும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர் ஆறுமுகம் மந்திரம். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து, சல்பேட் போன்ற சேர்மங்களைப் பேட்டரிக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அந்த வழியில் போய்த்தான் 1997இல் குட்இனஃப் குழுவினர் இரும்புப் பாஸ்பேட்டை வெளிக்கொணர்ந்தார்கள். அந்தக் குழுவிலும் பாதி, நஞ்சுண்டசுவாமி என்று இரண்டு இந்தியர்கள். 2019இல் குட்இனஃபுக்கு 97 வயதில் நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான். வெளியூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சினிமா நட்சத்திரங்களின் பிறந்த நாளை நினைவில் வைத்திருக்கிறார்கள், இவரையும் வைத்துக்கொள்ளட்டும்.

சரி, இன்னொரு வழியும் உண்டு. ஃபிளாஷும் பேட்டரியும் ஒன்றாகவே வருகிற இக்கால யூனிட்டுகள். இன்வெர்ட்டர் வேண்டாம், வயர் வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். 2017 வாக்கில் வந்த கோடாக்ஸ் ஏடி 200 என்ற சிறு யூனிட்டை உதாரணமாக எடுத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேட்டரி 14.4 வோல்ட், 2.9 ஆம்பியர்-மணி, அதாவது ஏறக்குறைய 42 வாட்-மணி, ஒன்றரை லட்சம் ஜூல். 200 ஜூலில் 500 ஃபிளாஷ் என்கிறார்கள்; அது ஒரு லட்சம் ஜூல். மூன்றில் இரண்டு பங்கு ஒளிக்குப் போகிறது, ஒரு பங்கு கழிவு. நம்பக்கூடிய கணக்கு. இப்படி வாசகர்களும் எந்த யூனிட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம்: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி, 3,600ஆல் பெருக்கி, ஒரு ஃபிளாஷின் ஜூலால் வகுங்கள். வருகிற எண்ணைவிடப் பெட்டியில் எழுதிய எண் அதிகமாக இருந்தால் கடையை விட்டு இறங்கிவிடலாம். சமமாக இருந்தாலும் இறங்கிவிடலாம். கழிவே இல்லாத இயந்திரம் எங்கும் கிடையாது.

நடந்து போகிறவனுக்கு இந்தச் சிறு யூனிட்டே தோது என்பதை நான் மறுக்கவில்லை. புதூர்ப் பக்கத்துக் குறும்பர் ஊர்கள் சிலவற்றுக்கு ஜீப்பை விட்டு இறங்கி நடக்கத்தான் வேண்டும். அங்கே ஈய பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தூக்கிக்கொண்டு போ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த யூனிட்டின் பேட்டரி அந்தக் கம்பெனியின் அச்சில் வார்த்தது. வேறு எதிலும் சேராது, வேறு எதுவும் அதில் சேராது. நாளைக்கு அந்தக் கம்பெனி புது மாடல் கொண்டுவந்து பழையதை நிறுத்திவிட்டால்? கம்பெனியே இல்லாமல் போனால்?

போகாது என்று சொல்ல முடியாது. லண்டனில் 1923இல் தொடங்கி, ஸ்டுடியோ ஃபிளாஷ் என்றாலே நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்றாக இருந்தது போவன்ஸ் கம்பெனி. 2017இல் மூடிவிட்டார்கள். அதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஃபிளாஷின் முன்னால் குடை, பெட்டி முதலியவற்றை மாட்டுவதற்கு அவர்கள் வைத்திருந்த 'எஸ்' மவுண்ட் என்ற பூட்டு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. எத்தனையோ கம்பெனிகள் அதே அளவில் செய்கின்றன. ஏனென்றால் அது பொது அளவாகிவிட்டது. அந்தக் கம்பெனிக்கென்றே ஆன பேட்டரியை வைத்திருந்தவர்கள்தான் திண்டாடினார்கள். ரயில்வேயில் நாங்கள் உயிரோடு பிழைத்ததே பொது அளவால்தான். எந்த ஒர்க்ஷாப்பில் செய்த செல்லும் எந்தப் பெட்டியின் அடியிலும் உட்கார வேண்டும் என்பது சட்டம்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. ஏற்கெனவே கரண்டில் ஓடும் ஸ்டுடியோ ஃபிளாஷ் வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரர் புதிதாக யூனிட் வாங்க வேண்டியதில்லை. 12.8 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒன்று, ஒரு பியூர் சைன் இன்வெர்ட்டர் ஒன்று, பூட்டுப் போடக்கூடிய ஒரு பெட்டி, இது போதும். ஃபிளாஷ் பழுதானால் ஃபிளாஷை மாற்றலாம், செல் செத்தால் செல்லை மாற்றலாம், இன்வெர்ட்டர் போனால் அதை மட்டும். கோவையில் மின்சார ஸ்கூட்டர் பேட்டரி கட்டித் தருகிற சிறு கடைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஆனைகட்டி வழியாகக் காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். கறுப்பு டப்பாவை அவர்களிடம் கொண்டு போனால் திருகாணியே இல்லையே என்று கையை விரிப்பார்கள். கோவையில் ஒரு கடையில் என் கண்ணெதிரே அது நடந்தது.

இன்வெர்ட்டர் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வீட்டு மின்விசிறிக்கு ஓடுகிற மலிவு இன்வெர்ட்டர்கள் சதுர அலை தருபவை. ஃபிளாஷின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கு அது விஷம். சூடாகும், முனகும், ஒருநாள் புகையும். 'பியூர் சைன்' என்று எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். 300 ஜூல் ஃபிளாஷ் ஒன்றுக்கு 500 வாட் என்றால் பயமில்லை. மாடலிங் விளக்கை அணைத்துவிடுங்கள். 150 வாட் பல்பு ஒன்று சும்மா எரிந்துகொண்டிருந்தால் அரை மணி நேரத்தில் பேட்டரியைக் குடித்துவிடும். பாட்டியை உட்கார வைப்பதற்குள் எல்லாம் தீர்ந்திருக்கும்.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: இப்போதுதான் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டனவே, ஃபிளாஷ் எதற்கு? 100 வாட் எல்.இ.டி.யை ஒரு மணி நேரம் எரித்தால் 100 வாட்-மணி செலவு. அந்த ஒரு மணி நேரத்தில் 200 ஜூலில் 100 ஃபிளாஷ் அடித்தால் 20,000 ஜூல், அதாவது ஐந்தரை வாட்-மணி. கழிவைச் சேர்த்தாலும் பத்துக்குள் அடங்கும். பத்தில் ஒரு பங்கு. தவிர, கண்ணில் புரை வளர்ந்த கிழவர் முகத்துக்கு நேரே விளக்கை எரியவிட்டால் கண்ணை இடுக்கிக்கொள்வார். ஃபிளாஷ் அடித்து முடிந்த பிறகுதான் அவருக்கு அடித்ததே தெரியும். வீடியோ எடுப்பவர்களுக்கு எல்.இ.டி., படம் எடுப்பவர்களுக்கு ஃபிளாஷ். ஜெனரேட்டரைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. ஒரு படம் எடுக்க ஊரையே புகையாலும் இரைச்சலாலும் நிரப்புவது நாகரிகம் அல்ல. யானை நடமாடும் இடத்தில் புத்திசாலித்தனமும் அல்ல.

கலப்பட செல்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பேட்டரிப் பெட்டிகளின் உள்ளே பெரும்பாலும் இருப்பது 18650 என்ற உருளை செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் பெயருக்குக் காரணம். பேர்பெற்ற கம்பெனிகளின் செல்லே 3,500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டித்தான் நிற்கிறது. சந்தையில் 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள்! சாதாரணத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது. உள்ளே மண்ணையும் மாவையும் வைத்து மூடியவையும் உண்டு என்று கேள்விப்படும்போது, முன்பு பாலில் தண்ணீர் ஊற்றியவர்கள் யோக்கியர்களாகத் தெரிகிறார்கள்.

வாங்கிய பிறகு காப்பாற்றும் முறை. இதில் ஈயமும் லித்தியமும் நேர் எதிர்; பலர் ஒன்றுக்குரிய வழக்கத்தை மற்றதற்குப் போட்டுக் கெடுக்கிறார்கள். ஈய பேட்டரியைப் பட்டினி போடக் கூடாது: வேலை முடிந்த அன்றைக்கே முழுக்கச் சார்ஜ் ஏற்ற வேண்டும், வேலை இல்லாத மாதத்திலும் ஒருமுறை ஏற்ற வேண்டும். காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கல்லாகிவிடும். லித்தியமோ வயிறு முட்ட வைத்துத் தூங்க விடக் கூடாது: மாதக் கணக்கில் எடுத்து வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைக்க வேண்டும், முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு முழுக்க ஏற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொது எதிரி வெப்பம். கிழக்கு அட்டப்பாடியில் மழை குறைவு, மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் அப்பளம் பொரிக்கலாம். அங்கே பேட்டரியை விட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடச் சொல்லவில்லை, நிழலில் வைத்தால் போதும். உப்பிய லித்தியம் பேட்டரியை ஒரு நாளும் சார்ஜில் போடாதீர்கள். பழைய ஈயச் சார்ஜரை லித்தியத்தில் மாட்டாதீர்கள்; இரண்டின் அளவும் வேறு.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருக்கட்டும். வயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் ஓடுகிற வயர் ஒல்லியாக இருந்தால் வயரே அடுப்பாகும். ஈய பேட்டரியின் முனைகளில் வாசலின் தடவி நட்டை முறுக்கி வைத்தால் பச்சை பூக்காது. என் உத்தியோகத்தில் பேட்டரி கெட்டுவிட்டது என்று வந்த புகார்களில் கணிசமானவை நட்டு தளர்ந்த புகார்கள்தான். மழைத் தூறலில் இன்வெர்ட்டரை வெளியே வைக்காதீர்கள், அது தருவது வீட்டுக் கரண்டுதான், ஆளைக் கொல்லும். ஃபிளாஷைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரெடுக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

விமானத்தில் வந்து போகிற உறவினர்களிடம் பேட்டரி வாங்கி வரச் சொல்பவர்களுக்கு: தனியாகக் கொண்டுவரும் லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் சிக்கலில்லை. 100 முதல் 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுவர முடியாது. வாட்-மணி எவ்வளவு என்பது உறையின் மேல் அச்சாகி இருக்க வேண்டும். செத்த பேட்டரியை பவானியிலோ சிறுவாணியிலோ எறிய வேண்டாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. ஈய பேட்டரிக்குப் பழைய விலையே கிடைக்கும்.

இனி சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் விழா மேடை அலங்காரத்துக்கு நாம் செலவு செய்கிறோம். அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, நான் மேலே சொன்ன பெட்டி ஒன்றைச் சங்கத்தின் பெயரில் வாங்கி வைக்கலாம். நம் குடும்பத்துப் படக்காரப் பிள்ளைகள் அதை வாடகையில்லாமல் எடுத்துப் போகட்டும். பதிலுக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுபது தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய் ஆளுக்கு ஒரு நல்ல படம் எடுத்துத் தரட்டும். காகிதத்தில் அச்சிட்ட படம். கைபேசிக்கு அனுப்புவது அதன் பிறகு. கல்யாண ஆர்டர்களைக் கோவையிலிருந்தும் மண்ணார்க்காட்டிலிருந்தும் பெரிய வேனில் வருகிறவர்கள் தட்டிக்கொண்டு போகிற காலத்தில், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கருவியும் நாலு வீட்டு அறிமுகமும் கிடைத்த மாதிரி இருக்கும்.

இருளர், முடுகர், குறும்பர் ஊர்களுக்குப் போவதானால் முதலில் மூப்பனைக் கண்டு பேச வேண்டும். எடுத்த படம் அந்த வீட்டுக்கே போய்ச் சேர வேண்டும். வருகிறவன் போகிறவனெல்லாம் அவர்களைப் படம் எடுத்துக்கொண்டு போய் எங்கெங்கோ அச்சிட்டிருக்கிறான்; அவர்கள் வீட்டுச் சுவரில் பார்த்தால் ஒரு படம் இருக்காது. அந்தப் பட்டியலில் நம் சங்கமும் சேர்ந்துவிடக் கூடாது. எந்தச் சமுதாயத்து மூதாட்டியானாலும் வேண்டாம் என்று தலையசைத்தால் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

பொறுப்பைக் கேட்பீர்கள். பெட்டியை மாதம் ஒருமுறை சோதித்து, சார்ஜ் அளவைப் பார்த்து ஏட்டில் எழுதுவதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நாற்பது வருஷம் செய்த வேலைதான். ஏற்கெனவே பேட்டரி வாங்கி வைத்துக்கொண்டு அது சரியா தவறா என்று தெரியாமல் இருப்பவர்களும் ஞாயிறு காலையில் வீட்டுக்குக் கொண்டு வரலாம். வரும்போது சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். சார்ஜரைப் பார்க்காமல் எந்த பேட்டரியைப் பற்றியும் நான் அபிப்பிராயம் சொல்வதில்லை.